நல்லா இல்லீங்க, டாக்டர்

"உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பயம்" என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவள்தான். டவுன் பஸ் சடாரென்று பிரேக் போட்டால் எல்லாச் சாமியையும் கூப்பிடுவேன். மகள் போனை எடுக்கவில்லை என்றால், அவளுக்கு விபத்து ஆகி, ஆம்புலன்ஸ் வந்து, நான் எந்தப் புடவையோடு ஓடுகிறேன் என்பது வரைக்கும் மனதில் பார்த்துவிடுவேன். ஆனால் பயந்தவளுக்கும் காய்ச்சல் வரும். பயந்தவளுக்கும் இதயம் கெடும். பெரிய படிப்புப் படித்த ஒருவருக்கு இது தெரியவில்லை. தெரிய வைத்தேன். அந்தக் கதைதான் இது.

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் நைட்டிக் கடை வைத்திருக்கிறோம். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதில் உள்ள எழுத்துப் பிழைகளை மகள் கவிதா திருத்தியிருக்கிறாள். கோபத்தைத் திருத்தக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. சொத்தைப் பல், வலி தாங்கவில்லை, பிடுங்கினேன். கொஞ்ச நாள் கழித்து சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று வரும். காலையில் இருக்காது. பாவாடைக் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. கடை மாடியில் துணிக்கட்டு இருக்கும். அந்தப் படியில் பாதி ஏறுவதற்குள் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். விரல் நுனியில் சிவப்பாகச் சின்னச் சின்னக் கட்டி வந்தது. தொட்டால் உயிர் போகும்.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே பொது மருத்துவத்துக்குத் தலைவராக இருப்பவரிடம் காட்டினோம். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. வார்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்பு டாக்டர். ஏன் என்று இப்போது தெரியும்.

உள்ளே போனதும் "எப்படி இருக்கீங்கம்மா" என்றார். சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தார்கள்.

நான் சொன்னேன், "நல்லா இருக்கேனுங்க."

எங்கள் பக்கத்தில் வேறு என்ன சொல்வார்கள்? யாராவது எப்படி இருக்கிறாய் என்றால், காலில் கட்டுப் போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்வோம். அது வணக்கம் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சங்கதியே ஆரம்பிக்கும். அந்த மனிதர் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நர்ஸ் சொல்லித் தெரியும். அவர் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அவர் அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நல்லா இருக்காங்களாம், அப்புறம் எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சாயங்காலக் காய்ச்சலைச் சொன்னேன். தெர்மாமீட்டரில் எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றேன். பார்ப்பதை நிறுத்தினால் காய்ச்சலும் நின்றுவிடும் என்றார். மறுபடியும் சிரிப்பு. கடைசியில் விரலை நீட்டினேன். பிடித்து ஒரு நொடி பார்த்தார்.

"தையக்காரங்க வெரல்ல ஊசி குத்தாம, மல்லிகைப்பூவா குத்தும்?"

அந்தப் பிள்ளைகள் சிரித்தது இருக்கட்டும். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதை நான் அவருக்கு இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

மனசு அமைதிக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் "சரிங்க டாக்டர், வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் கவிதா தெர்மாமீட்டரை எங்கேயோ ஒளித்து வைத்தாள். டாக்டரே சொல்லிவிட்டாரே. அதற்குப் பிறகு நான் உடம்பு சுடுகிறது என்று சொன்னால் சாட்சிக்கு ஒன்றும் இல்லை. "பயப்படாம இரு சரசு" என்பார் வீட்டுக்காரர். "அம்மா, நீ யோசிக்கிறதாலதான் வருது" என்பாள் மகள். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொதிக்கிற உடம்போடு படுத்திருப்பேன். இந்த வீட்டில் ஒருநாள் நான் செத்துக் கிடப்பேன், அப்போதும் பயத்தில் கிடக்கிறாள் என்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடையில் தையல் மிஷின் மேலேயே ஒருநாள் சாய்ந்துவிட்டேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் அன்றைக்கு இருந்தது ஒரு சின்ன டாக்டரம்மா, கவிதாவை விட நான்கு வயசு பெரியவளாக இருப்பாள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள், எடுக்கவே இல்லை. சாய்ந்து படுங்கள் என்றாள், மறுபடி கேட்டாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். நகத்துக்கு அடியில் சிராய் ஏறின மாதிரி கறுப்புக் கோடுகள் இருந்தன, அதையும் பார்த்தாள். சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். வந்தது. பல் ஏதாவது பிடுங்கினீர்களா என்றாள். பிடுங்கினேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது.

என்ன வியாதி என்பதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இதயத்துக்குள் ரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்குக் கதவுகள் இருக்கின்றன, வால்வு என்பார்கள். சின்ன வயசுக் காய்ச்சலில் என்னுடைய ஒரு கதவு அப்போதே கொஞ்சம் கெட்டிருந்திருக்கிறது. பல் பிடுங்கின இடத்திலிருந்து ரத்தத்தில் இறங்கின கிருமி, அந்தக் கெட்ட கதவில் போய் ஒட்டிக்கொண்டு, கிணற்றுப் படியில் பாசி பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டது. பாசியிலிருந்து பிய்ந்து போகிற துணுக்குதான் விரல் நுனியில் வந்து அடைத்துச் சிவந்தது. அதே துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஊசி குத்தினது இல்லை அது.

இதைக் கண்டுபிடிக்கக் கையை மாற்றி மாற்றி ரத்தம் எடுத்து, சின்ன பாட்டில்களில் விட்டு வைத்தார்கள். கிருமி இருந்தால் அதில் வளருமாம். நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவி எக்கோ பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான், இதயத்துக்கு. அது போதாமல் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இன்னொரு எக்கோ. அந்த அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் காத்திருந்தபோது என் வீட்டுக்காரர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வைக்கவே இல்லை. யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அந்தத் தேய்ந்த செருப்பை யார் எடுப்பார்கள்? பில்லையெல்லாம் என் கண்ணில் காட்டாமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே நடந்தார். அதை எழுத ஆரம்பித்தால் இது வேறு கோபத்தின் கதையாகிவிடும்.

மருந்து, கையில் நட்ட ஒரு குழாய் வழியாக, வாரக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்படித்தான் அந்த வார்டு எனக்கு வீடாகியது. பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டு நூர்ஜஹான் அக்கா. அவர்கள் வீட்டில் அத்தர் வியாபாரம். ஆஸ்பத்திரி நாற்றத்துக்கு நடுவில் அவர் கட்டில் மட்டும் மணக்கும். அக்காவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்து, தையலில் சீழ் பிடித்து, மறுபடி வந்திருந்தார். நான் ராத்திரியெல்லாம் சொட்டு மருந்தைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பேன். காற்று உள்ளே போய்விட்டால் என்ன ஆகும்? "தூங்கு தங்கச்சி, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு அக்கா குறட்டை விடுவார்.

கவிதா தினமும் வந்து தலை பின்னிவிடுவாள். தெர்மாமீட்டரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தார். "எப்ப வேணாலும் பாத்துக்கோ, எத்தன தடவ வேணாலும்" என்றார். அவர் கணக்கை அத்தோடு பாதி நேர் செய்தேன்.

சிரிப்பு டாக்டர் கணக்கு அப்படியே இருந்தது. கிருமி மருந்து விஷயத்தில் அவர் யோசனையும் வேண்டும் என்பதால் தினமும் காலை ரவுண்ட்ஸில் வருவார். என் முகம் அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியாது. "எப்படி இருக்கீங்கம்மா" என்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன். சார்ட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே, நான்கு பேர் முன்னால் இவர் முகம் எப்படிச் சிவக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். சாகப்போகிறேனோ என்ற நினைப்பு வந்தால் கூட, இவரை ஒரு வார்த்தை கேட்காமல் சாகக்கூடாது என்றுதான் தோன்றும். அந்த வைராக்கியம் மருந்தோடு சேர்ந்து வேலை செய்தது என்றே நம்புகிறேன்.

அப்போதுதான் அந்தக் கச்சேரி வந்தது.

ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவாம். நோயாளிகளுக்கு மன அமைதி தர மேல்நாட்டு இசை. நான்கு பேர் வாசிப்பார்கள்: இரண்டு சின்ன பிடில், கொஞ்சம் பெரிய பிடில் ஒன்று, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற ஆளுயரப் பிடில் ஒன்று. அந்த ஆளுயரப் பிடிலை வாசிக்கப்போவது சிரிப்பு டாக்டர் என்று நர்ஸ் சொன்னாள். வெளிநாட்டில் படித்தபோது கற்றுக்கொண்டாராம். மற்ற மூவரும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். முடிந்ததும் மைக் கொடுத்து, கேட்டவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்பார்களாம்.

மைக் என்றதும் என் காது விடைத்துக்கொண்டது. நான் வருகிறேன் என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மருந்து பாட்டில் தொங்குகிற கம்பியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். பல்லிலிருந்து ஆரம்பித்து மல்லிகைப்பூ வரைக்கும்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கீழ்த்தளத்தில் ஒரு ஹால். என் ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் நூர்ஜஹான் அக்கா. முன் வரிசையில் பைபாஸ் செய்த தாராபுரத்துக் கவுண்டர் ஒருவர் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமினால் தையல் விடாமல் இருக்க அப்படிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கறுப்பு உடையில் நான்கு பேரும் வந்து நின்றதும் அக்கா என் காதில், "ஆரு மௌத்துங்கறே? தூக்கறதுக்கு நாலு பேரு ரெடியா வந்துட்டாங்க" என்றார். சிரிப்பை அடக்கப்போய் எனக்கு மூச்சு வாங்கியது.

சிரிப்பு டாக்டர் முன்னால் வந்து, இது ஒரு வெள்ளைக்காரர் வயதான காலத்தில், உடம்பு முடியாமல் கிடந்தபோது எழுதியது, கண்ணை மூடிக் கேளுங்கள் என்றார். உட்கார்ந்து வில்லை வைத்தார்.

எப்படிச் சொல்வது? ஒரே சுரம். அடியிலிருந்து. ஹாலில் ஏசி ஓடுகிற சத்தமா, இதுவா என்று முதலில் தெரியவில்லை. பிறகு மேலே ஒரு சின்ன பிடில் ஏதோ கேட்க வருகிற மாதிரி வந்தது, கேட்காமலே நின்றுவிட்டது. இன்னொன்று வந்தது, அதுவும் பாதியில். தாளம் இல்லை, பாட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கவுண்டர் தலையணையை இறுக்கிக்கொண்டார். பின்னால் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். நடுவில் டாக்டர் வில்லைத் திருப்பி, மரக்கட்டைப் பக்கத்தால் தந்தியைத் தட்டினார். டொக். கொஞ்சம் விட்டு, டொக். வயிற்றில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு வியர்த்துவிட்டது.

அது என் பயம். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் கொதித்துக்கொண்டு படுத்திருந்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்ததே, அதே சத்தம். அந்த ஆஸ்பத்திரியில் நுழைந்ததிலிருந்து எல்லோரும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெரிய பிடில் மட்டும், இருக்கிறது, பயப்படு, பயப்பட வேண்டியதுதான் என்றது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆபரேஷன் வேண்டியிருக்குமோ என்று சொன்ன அன்றைக்குக் கூட அழாதவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு மனசு கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. இன்னும் கொதித்தது. இவ்வளவு தெரிந்த கையா அது? ஒரு சாகிற மனிதனின் பயத்தை இத்தனை பொறுமையாக, ஒரு இழை தப்பாமல் இழுத்துக் காட்டத் தெரிந்த கை, என் விரலைப் பிடித்தபோது எங்கே போயிருந்தது? தெரியாதவர் தப்புச் செய்தால் விட்டுவிடலாம். இவருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரருக்காக எடுத்து வைத்திருந்தார், எனக்குச் செலவழிக்கவில்லை.

சத்தம் மெலிந்து மெலிந்து, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் முடிந்தது. "முடிஞ்சுதா, இல்ல இன்னும் உசுரு இழுத்துட்டிருக்கா" என்று அக்கா முனகினார். யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள்.

மைக் வந்தது. முதலில் கவுண்டர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, எழ முடியாமல் எழுந்தார்.

"நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப சிரமப்பட்டு வாசிச்சீங்க."

பின்னால் மூக்கை உறிஞ்சின அம்மா, நல்லா இருந்துச்சுங்க என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அருமைங்க, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சுங்க என்றார். நூர்ஜஹான் அக்கா கூட மைக்கை வாங்கி, "மாஷா அல்லாஹ், ரொம்ப நல்லா இருந்துச்சு டாக்டர்" என்றுவிட்டார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் டாக்டர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த பெங்களூர்க்காரப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். நம்பினார். எல்லாவற்றையும் அப்படியே நம்பினார்.

பல்லிலிருந்து மல்லிகைப்பூ வரைக்கும் ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. மைக் என் கையில் இருந்தது.

"நல்லா இல்லீங்க, டாக்டர்."

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நல்லா இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், ஹால் அப்படி இருந்தது. என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்தார்.

"எழவு ஊட்டுல உக்காந்த மாதிரி இருந்துச்சுங்க. எனக்கு மட்டுமில்லீங்க, இவிய எல்லாருக்கும் அப்படித்தான். கவுண்டரய்யா கண்ணைப் பாருங்க. நீங்க மனசு நோகக்கூடாதுன்னு நல்லா இருந்துச்சுங்கறாங்க. நான் மொத மொத உங்ககிட்ட வந்தப்பவும் நல்லா இருக்கேனுங்கன்னுதான் சொன்னேன். நெஞ்சுல கிருமியோட நின்னுட்டுச் சொன்னேன். நம்பிப் போட்டு, நாலு பேரு முன்னால சிரிச்சீங்க. இதையும் நம்பிக்குங்க."

அவருக்கு என்னை ஞாபகம் வந்த நொடியைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை அவர். என் விரலைப் பார்த்தார். பெங்களூர்ப் பெண் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் நினைத்த மாதிரியே டாக்டர் காலர் வரைக்கும் சிவந்தார். அதைப் பார்த்த சுகத்தை நான் மறைக்கப்போவதில்லை. அன்றைக்கு ராத்திரி சொட்டு மருந்தைப் பார்க்காமல் தூங்கினேன்.

வார்டுக்குத் திரும்பும்போதே என் வீட்டுக்காரர், பெரிய மனுசனை இப்படியா என்று புலம்பினார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதும் நூர்ஜஹான் அக்கா, "நல்லா இல்ல டாக்டர், உக்காருங்க" என்று ஆரம்பித்தார். தையல் எரிச்சலில் ஆரம்பித்து, மூத்த மகள் பிரசவத்தில் பிடித்த இடுப்பு வலி வழியாக, மருமகன் வாங்கின ஃபிரிட்ஜில் வந்து நின்றார். டாக்டர் நின்று கேட்டார். அடுத்த கட்டிலும் நல்லா இல்லீங்க என்றது. அதற்கடுத்த கட்டிலும். பத்து மணிக்கு முடிகிற ரவுண்ட்ஸ் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போனது. நர்ஸ் என்னை முறைத்தாள்.

சில நாள் கழித்து அவர் தனியாக வந்தார். திரையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் தப்பு என்மேல்தானுங்கம்மா என்றார். அந்தப் பாட்டும் நல்லா இருப்பதற்காக எழுதினதில்லை, நீங்கள் ஒருத்திதான் சரியாகக் கேட்டீர்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. "சிரிச்சப்ப திரை போடலீங்களே டாக்டர்" என்றேன். திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

மருந்து முடிந்து, கடைசி எக்கோவில் பாசி சுருங்கிவிட்டது என்று சின்ன டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வால்வுக்கு ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்குப் போகலாம்.

பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சிரிப்பு டாக்டர் வந்தார். பின்னால் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள், அன்றைக்கு இருந்த அதே முகங்கள். திரை போடவில்லை. என் கையைக் கேட்டு வாங்கி, விரல் நுனியில் காய்ந்து போன தழும்பை அவர்களுக்குக் காட்டினார்.

"இந்தம்மா இதைக் காட்டினாங்க. நான் பாக்கல, ஜோக்கு சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இவங்க இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்கம்மா."

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. நான்கு பேர் முன்னால், சத்தமாக. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பொம்பளை சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. பால் பொங்குகிற மாதிரி அது தானாக வாய்க்கு வரும். வந்தது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "பரவால்லீங்கன்னு சொல்லு சரசு" என்று இடித்தார். டாக்டரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கேனுங்க என்று வாய் தவறிச் சொன்னதற்கே உயிரை விலை கேட்டார்கள். இதையும் வாய் தவறிச் சொல்வேனா?

கையை உருவிக்கொண்டேன். நூர்ஜஹான் அக்காவிடம் சொல்லிக்கொண்டேன், நர்ஸிடம் சொல்லிக்கொண்டேன், சின்ன டாக்டரம்மா தலையில் கை வைத்துவிட்டு வந்தேன். சிரிப்பு டாக்டர் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். கதவு மூடுகிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் 'பரவால்லீங்க' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் எக்கோவுக்குப் போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, தினமும் இரண்டு தடவை காய்ச்சல் பார்க்கிறேன். அவர் வந்து எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்பார். உட்காரச் சொல்லி, ஒன்று விடாமல் சொல்வேன். அதை மட்டும் சொல்லமாட்டேன்.